34 ஆட்சேபனைக் கடிதங்கள் வந்துவிட்டன: பழைய வீட்டை இடித்துக் கட்ட இனி வழி உண்டா?

கேள்வி:

ஐயா, வணக்கம். வடமேற்கு லண்டனில் 1927இல் கட்டிய தனி வீடு ஒன்றை இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கினோம். அது கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது தன்மையும் தோற்றமும் பேணப்படும் பாதுகாப்புப் பகுதிக்குள், இருப்பது வாங்கும்போதே தெரியும். யன்னல், முன்கதவு மாற்றுவதில்தான் கட்டுப்பாடு இருக்கும் என்று நினைத்துவிட்டோம். முன் அறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது. பே யன்னலுக்கு (சுவருக்கு வெளியே புடைத்து நிற்கும் யன்னல்) பக்கத்தில் 4 மில்லிமீட்டர் அகலத்தில் வெடிப்பு இருக்கிறது. கூரை ஓடுகள் வழுகி விழுகின்றன. அம்மாவுக்கு மூட்டுவாதம், மாடி ஏற ஏலாது. கீழ்த்தளத்தில் குளியலறை இல்லை. அதனால் வீட்டை முழுதாக இடித்து ஐந்து அறை வீடு கட்ட விண்ணப்பித்தோம். விளக்குக் கம்பத்தில் மஞ்சள் அறிவித்தல் கட்டி மூன்று கிழமைக்குள் 34 ஆட்சேபனைகள். குடியிருப்பாளர் சங்கமும் ஒரு நீண்ட கடிதம் போட்டிருக்கிறது. 'இந்த வீடு பகுதியின் தன்மைக்குப் பங்களிக்கிறது, நிராகரிக்கப் பரிந்துரைக்கப் போகிறேன், விரும்பினால் விண்ணப்பத்தை மீளப் பெறலாம்' என்று பிளானிங் அதிகாரி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 'நாங்கள் வெளியாட்கள் என்பதால்தான் எதிர்க்கிறார்கள், மேன்முறையீட்டுக்குப் போங்கோ' என்கிறார்கள் சொந்தக்காரர். 'கூரையையும் பின்சுவரையும் கழற்றிவிட்டால் பிறகு கவுன்சில் தரத்தானே வேண்டும்' என்கிறார் பில்டர். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

முதலில் பில்டர் சொன்னதை மறந்துவிடுங்கள். கன்சர்வேஷன் ஏரியாவில் 115 கன மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தைத் திட்ட அனுமதி இல்லாமல் இடிப்பது இங்கிலாந்தில் குற்றவியல் குற்றம். நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 196டி பிரிவு அதற்கு இரண்டு வருடம் வரை சிறையோ, வரம்பில்லாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இடித்ததால் உங்களுக்கு என்ன லாபம் கிடைத்திருக்கும் என்று பார்த்தே நீதிமன்றம் அபராதத் தொகையைத் தீர்மானிக்கும். மற்ற மீறல்களில் இத்தனை வருடம் போனால் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற எல்லை உண்டு. இந்த வகை இடிப்புக்கு அந்த எல்லையும் இல்லை. கூரையைக் கழற்றி மழையில் விட்டுவிட்டு 'வீடு பழுதாகிவிட்டது' என்று காட்டுவதும் உதவாது. வேண்டுமென்றே கைவிட்ட, சேதப்படுத்திய கட்டடத்தின் மோசமான நிலையைத் தீர்மானத்தில் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தேசியத் திட்டமிடல் கொள்கையே சொல்கிறது. மைடா வேலில் கார்ல்டன் டாவர்ன் என்ற 1920களின் மதுச்சாலையை 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தார்கள். செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டும்படி கவுன்சில் உத்தரவிட்டது; மேன்முறையீட்டிலும் உத்தரவு நின்றது. பழையபடியே கட்டப்பட்டு 2021இல் அது திறந்தது.

இனி அந்த 34 கடிதங்கள். ஆட்சேபனைகளை வாக்குப் போல எண்ணுவதில்லை. நியாயமான ஒரு திட்டமிடல் காரணம் ஒரே ஒரு கடிதத்தில் இருந்தாலும் அதற்கு எடை உண்டு. காரணமில்லாத நூறு கடிதத்துக்கு எடை இல்லை. எண்ணிக்கை ஒரு இடத்தில் மட்டும் வேலை செய்யும். பல கவுன்சில்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆட்சேபனை வந்தாலோ, வட்டாரக் கவுன்சிலர் கேட்டாலோ, தீர்மானம் அதிகாரியின் கையிலிருந்து பிளானிங் கமிட்டிக்குப் போகும். அந்தத் தொகை கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும்; உங்கள் கவுன்சிலின் யாப்பில், அதிகாரக் கையளிப்பு என்ற பகுதியில் எழுதியிருக்கும். போய்ப் பாருங்கள்.

கவுன்சிலின் இணையத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு 34 கடிதங்களையும் ஒன்றுவிடாமல் வாசியுங்கள். கோபம் வரும், பரவாயில்லை. ஒரு தாளில் இரண்டு பத்தி கீறி, எடையுள்ளவற்றை ஒரு பக்கமும் இல்லாதவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். வீட்டு விலை குறையும், எங்கள் வீட்டிலிருந்து தெரியும் காட்சி மறையும், லொறி வரும், தூசி பறக்கும், எல்லை வேலி எங்களுடையது, பெரிய குடும்பமாக வந்து இருப்பார்கள் என்பதெல்லாம் இரண்டாவது பத்தியில் போகும். வீட்டில் எத்தனை உறவினர் இருக்கிறார்கள் என்பது பிளானிங்கின் விஷயமே இல்லை. இனத்தைக் குறிவைத்து எழுதிய வரி ஏதும் கண்ணில் பட்டால் அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள். அதைப் பிரசுரிக்கவோ கணக்கில் எடுக்கவோ கூடாது. உயரம், பக்கத்து இடைவெளி, வெளிச்சம், அந்தரங்கம், மரம், வாகனத் தரிப்பிடம், பழைய வீட்டின் பெறுமதி ஆகியவை முதல் பத்தி. நீங்கள் அனுப்பிய விவரப்படி புதிய வீட்டின் கூரை முகடு பழையதைவிட 1.2 மீட்டர் உயரம். இரு பக்கமும் 2.5 மீட்டராக இருந்த இடைவெளி 1 மீட்டராகக் குறைகிறது. பின்னால் மாடியில் ஒரு பல்கனி. இந்த மூன்றும் யார் வீடானாலும், எந்தத் தெருவானாலும் ஆட்சேபனை வரும் இடங்கள். 'வெளியாட்கள் என்பதால்' என்ற முடிவுக்கு வருமுன் இதை மனதில் வையுங்கள்.

கரியமிலக் கணக்கைப் பற்றி மூன்று பேர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். பழைய கட்டடத்தில் ஏற்கனவே செலவான சக்தி வீணாகிறது என்பது இப்போது எல்லா இடிப்பு விண்ணப்பத்துக்கும் வருகிற வாதம். ஒக்ஸ்போர்ட் வீதியின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கட்டடத்தை இடிக்க 2023இல் அமைச்சர் மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்துச் செய்தது. டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அந்த வாதம் மட்டும் உங்களைத் தோற்கடிக்காது. மற்றக் காரணங்களோடு சேர்ந்தால் பாரம் கூட்டும்.

உங்களைத் தோற்கடிக்கப் போவது அதிகாரியின் ஒற்றை வசனம்: இந்த வீடு பகுதியின் தன்மைக்குப் பங்களிக்கிறது. இடித்துக் கட்டும் விண்ணப்பம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. கன்சர்வேஷன் ஏரியா 1967இன் சட்டத்தில் வந்த ஏற்பாடு. இன்று அதை ஆளும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, பகுதியின் தன்மையை அல்லது தோற்றத்தைப் பேணுவதற்கு அல்லது மேம்படுத்துவதற்குக் கவுன்சில் 'விசேட கவனம்' செலுத்த வேண்டும் என்கிறது. 'பேணுவது' என்றால் கெடுக்காமல் விடுவது என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டிருக்கின்றன. அதாவது, ஏரியாவுக்குள் இருக்கிற எல்லா வீட்டையும் தொடவே கூடாது என்பதில்லை. 1970களில் இடையில் செருகிய பெட்டி வீடு ஒன்றை இடித்து நல்ல வீடு கட்டினால் பகுதி மேம்படும், அனுமதியும் கிடைக்கும். பங்களிக்கிற வீட்டை இடித்தால் அது பாதிப்பு. பாதிப்பை ஈடுசெய்யப் பொதுநன்மை காட்ட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அறை கூடுவது பொதுநன்மை ஆகாது.

பெரும்பாலான கன்சர்வேஷன் ஏரியாக்களுக்குக் கவுன்சில் அப்ரைசல் என்ற மதிப்பீட்டு ஆவணம் ஒன்றை வைத்திருக்கும். பெரும்பாலும் அதன் கடைசியில் ஒரு வரைபடம். வீடுகளைப் பங்களிப்பவை, நடுநிலையானவை, கெடுப்பவை என்று நிறம் தீட்டியிருப்பார்கள். உங்கள் வீடு எந்த நிறம்? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரே பில்டர் 1927இல் கட்டிய 12 வீடுகளில் ஒன்று என்று சங்கத்தின் கடிதம் சொல்கிறது. வெம்பிளியின் பார்ன் ஹில், சட்பரி கோர்ட் போன்ற இரு போர்களுக்கு இடைப்பட்ட காலக் குடியிருப்புகளில் தனி ஒரு வீடு பெரிய சிற்பமாக இருக்காது. சரிந்த கூரை, ஒரே அளவு முற்றம், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் தெரியும் வானம், வேலிச்செடி எல்லாம் தொடர்ச்சியாக வருவதுதான் அங்கே பெறுமதி. பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்றும் குறையும். உங்கள் அயலவர் சொல்கிற இந்த வாதம் உண்மையில் பலமானது. அதை நீங்கள் வெல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழுதைக் காட்டி வெல்லலாமா? இங்கேதான் உங்கள் விண்ணப்பம் மிக மெலிந்திருக்கிறது. வீடு திருத்த முடியாத நிலை என்று உங்கள் கட்டடக் கலைஞர் ஒரு பந்தியில் எழுதிவிட்டிருக்கிறார். பொறியியலாளரின் அறிக்கை இல்லை. இருந்தாலும் அது உங்களுக்குச் சாதகமாக வந்திருக்காது. 4 மில்லிமீட்டர் வெடிப்பு என்பது, கட்டட ஆய்வில் பயன்படுத்தும் அளவுகோலில் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட 'சிறிய' வகை. 5 முதல் 15 வரை நடுத்தரம், 15க்கு மேல்தான் கடுமையானது. லண்டனின் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் ஊதும். பே யன்னலின் அத்திவாரம் பிரதான சுவரின் அத்திவாரத்தைவிட ஆழம் குறைவாக இருப்பது அந்தக் காலத்தில் வழமை. அதனால் பே தனியாக அசையும், பிரதான சுவரோடு சேரும் இடத்தில் வெடிக்கும். பக்கத்தில் கழிவு நீர்க் குழாய் ஒழுகினாலும் இதே இடத்தில்தான் வெடிக்கும். குழாய்க்குள் கமரா விட்டுப் பாருங்கள். வெடிப்பின் மேல் அளவுத் தகடு ஒட்டி ஒரு வருடம் மாதாமாதம் குறித்து வாருங்கள். பருவத்தோடு திறந்து மூடுகிறதா, ஒரே திசையில் அகலுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஈரத்துக்கு, நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்சுவரின் அடியில், ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கலின் மேல் விளிம்பு மட்டும் தெரிகிறது. மீதி, முற்றத்தில் கார் நிறுத்தப் போட்ட சீமெந்துக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. அது காற்றுச் செங்கல். இந்தக் கால வீடுகளில் கீழ்த்தளம் மரச் சட்டத்தின் மேல் அடித்த பலகைத் தரை. அடியில் காற்று ஓடினால்தான் மரம் காயும். அதற்குச் சற்று மேலே, சுவருக்குள் ஈரத்தடுப்புப் படை போகிறது. வெளி நிலம் அந்தப் படைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் சீமெந்தை அந்தப் படைக்கு மிக அருகே வரை ஏற்றிவிட்டார். மழைநீர் சீமெந்தில் தெறித்துச் சுவரில் ஏறுகிறது, அடியில் காற்றும் இல்லை. சுவரோரமாக 300 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீமெந்தை வெட்டி, நிலத்தைத் தாழ்த்தி, கூழாங்கல் போட்டால் ஊறுவது பெருமளவு நிற்கும். காய இன்னும் பல மாதம் எடுக்கும். வெட்டுவதற்கு முன் பலகை ஒன்றைத் தூக்கி மரச்சட்டத்தின் நுனிகளை ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி மெத்தென்று இறங்கினால் அந்த நுனிகளை மாற்ற வேண்டும். ஓடு வழுகுவதற்குக் காரணம் ஓட்டின் பின்பக்கத்திலுள்ள மூக்கு உதிர்வதும், ஆணி துருப்பிடிப்பதும், அடிச் சட்டம் உக்குவதும். நல்ல ஓடுகளைப் பொறுக்கி வைத்துப் புதுச் சட்டமும் விரிப்பும் போட்டுத் திரும்ப வேய்கிற வேலை அது. இதையெல்லாம் கவுன்சிலின் மரபுக் கட்டட அதிகாரி ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

அடுத்தது அம்மாவின் அறை. இதுதான் உங்கள் உண்மையான தேவை என்று கடிதத்தை வாசிக்கும்போது தெரிகிறது. வயதும் இயலாமையும் 2010இன் சமத்துவச் சட்டத்தின்படி கவுன்சில் கருத்தில் எடுக்க வேண்டியவைதான். ஆனால் அனுமதி நிலத்தோடு போவது, ஆளோடு போவதில்லை. அத்தோடு, வீட்டை இடிக்காமலே அந்த அறையைக் கட்டலாம் என்றால், இடிப்பதற்கு அது காரணமாகாது என்று அதிகாரி எழுதுவார். எழுதினால் அது சரிதான்.

உண்மையில், இடிக்காமல் கட்டுவதற்குப் பொது அனுமதியே இருக்கலாம். கன்சர்வேஷன் ஏரியாவில் தனி வீட்டின் பின்பக்கம், அசல் பின்சுவரிலிருந்து 4 மீட்டர் வரை ஒற்றைத் தளமாக நீட்ட இங்கிலாந்தில் தனி விண்ணப்பம் தேவையில்லை. உயரம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரை விளிம்பு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. பக்கச் சுவர்களின் கோட்டுக்கு வெளியே போனால் அது பக்க நீட்டிப்பு. கன்சர்வேஷன் ஏரியாவில் அதற்குப் பொது அனுமதி கிடையாது. மற்ற இடங்களில் 8 மீட்டர் வரை போகிற பெரிய நீட்டிப்பும், மாடியில் பின்னுக்கு நீட்டுவதும், கூரையில் டோர்மர் (சரிவிலிருந்து புடைத்து நிற்கும் யன்னல்) வைப்பதும் அப்படித்தான். 'அசல்' என்பது 1948 ஜூலை 1இல் இருந்த வீடு. அதற்குப் பிறகு யாரும் பின்னால் ஏதாவது கட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஒரு எச்சரிக்கை: சில ஏரியாக்களில் ஆர்ட்டிக்கிள் 4 என்ற கட்டளை போட்டு இந்தப் பொது அனுமதிகள் சிலவற்றைப் பறித்திருப்பார்கள். பெரும்பாலும் தெருவைப் பார்க்கிற பக்கத்துக்குத்தான். இருந்தாலும் உங்கள் தெருவின் கட்டளையை வரிவரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4 மீட்டர் ஆழத்தில் சுவர் தடிப்பு 30 சென்ரிமீட்டரைக் கழித்தால் உள்ளே 3.7 மீட்டர். 5.5 மீட்டர் அகலத்துக்கு நீட்டினால், 3.7-க்கு 3 மீட்டரில் படுக்கையறையும், பக்கத்தில் 1.8 மீட்டர் அகலத்தில் ஷவர் அறையும் வரும். சக்கர நாற்காலி திரும்ப வேண்டிய 1.5 மீட்டர் வட்டம் அதற்குள் அடங்கும். கதவின் திறந்த அகலம் 850 மில்லிமீட்டர் வையுங்கள், வாசற்படியின் மேடு 15 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வழக்கமாகப் பிழைக்கிற இடம் ஒன்று உண்டு: புது அறை வந்ததும் பழைய பின் அறை இருண்டுவிடும். இரண்டும் சேருகிற இடத்தில் கூரை யன்னல் ஒன்றை முதல் வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள். களிமண்ணில் புது அத்திவாரம் குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் போகும், மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூட. அயல் வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் அவர்களின் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996இன் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். பொதுக் கழிவுக் குழாய் 3 மீட்டருக்குள் ஓடினால் தேம்ஸ் வாட்டரின் சம்மதமும் வேண்டும்.

பொது அனுமதி உண்டு என்று நம்பி உடனே தோண்டத் தொடங்காமல், தனி அனுமதி தேவையில்லை என்று கவுன்சில் உறுதிசெய்யும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் முழு விண்ணப்பத்தின் பாதி. எட்டுக் கிழமையில் முடிவு வர வேண்டும். அளவுகள் சட்டத்துக்குள் வருகின்றனவா என்பதை மட்டும் பார்ப்பார்கள். அயலவருக்குப் பிடிக்கிறதா என்ற கேள்வி அங்கே எழாது. அம்மாவுக்காகக் கவுன்சிலின் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்டை (வீட்டில் என்ன வசதி தேவை என்று மதிப்பிடுபவர்) வரச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளி வசதி மானியம் இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை கிடைக்கலாம்; வருமானம் பார்ப்பார்கள். ஒப்புதல் வருமுன் வேலை தொடங்கினால் மானியம் போய்விடும், அதில் கவனம். நாள்பட்ட நோய் அல்லது இயலாமை உள்ளவருக்காகக் குளியலறை போடுவது, கதவு அகலமாக்குவது, சாய்தளம் கட்டுவது ஆகியவற்றுக்கு வற் (VAT) வரி இல்லை. படுக்கையறைக்கு அந்தச் சலுகை கிடையாது. பில்டரிடம் இரண்டையும் தனித்தனியாக விலை போடச் சொல்லுங்கள்.

வற் என்றதும், பில்டர்கள் இடிப்பதையே ஏன் விரும்புகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தரைமட்டமாக இடித்துப் புது வீடு கட்டினால் வற் பூச்சியம். திருத்தினாலும் நீட்டினாலும் 20 வீதம். 400,000 பவுண் வேலையில் அது 80,000 பவுண். பழைய வீடுகளைக் காப்பாற்றச் சொல்லிக்கொண்டே காப்பாற்றுபவரிடம் வரி வாங்குகிற இந்த ஏற்பாடு அநியாயம். ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான். ஒரு இடைவழி இருக்கிறது. முன்சுவரை வைத்திருக்க வேண்டும் என்று திட்ட அனுமதியே நிபந்தனை போட்டால், மூலை வீடாயின் இரண்டு தெருமுகச் சுவர், மற்றவற்றில் ஒரு சுவர் நின்றாலும், மீதி முழுவதையும் இடித்துக் கட்டுவது புது வீடாகவே கணக்காகும். உங்கள் தெருவில் பக்கத்து இடைவெளியும் கூரையும் முக்கியம் என்பதால் இதற்கும் சம்மதம் எளிதில் வராது. விண்ணப்பிக்குமுன் கவுன்சிலோடு நடத்தும் முன் ஆலோசனைக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கையிலிருக்கும் விண்ணப்பத்தை என்ன செய்வது? மீளப் பெறுங்கள். இலவசமாக ஒருதரம் திருப்பிப் போடும் வசதி 2023 டிசம்பர் 6இலிருந்து இங்கிலாந்தில் இல்லை. திரும்பப் போட்டால் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காசு போவதை நினைத்து மேன்முறையீட்டுக்கு ஓடாதீர்கள். நிராகரிப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம், கட்டணமும் இல்லை. அதனால்தான் சொந்தக்காரருக்கு அது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் 'இந்த வீடு பங்களிக்கிறது, போனால் பாதிப்பு' என்று மேன்முறையீட்டைத் தீர்மானிக்கும் இன்ஸ்பெக்டர் ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்து நீங்கள் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்த வரி முன்னால் வந்து நிற்கும். இரண்டு வருடத்துக்குள் அதே மாதிரியான விண்ணப்பம் போட்டால் அதைப் பாராமலே விடவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. இன்று அதிகாரியின் மின்னஞ்சலில் இருப்பது ஒரு கருத்து. அதைத் தீர்ப்பாக்கிக் கொடுக்க வேண்டாம்.

அப்ரைசலில் உங்கள் வீடு நடுநிலை என்று குறித்திருந்தால் மட்டும் இடித்துக் கட்டும் வழியை இன்னொருமுறை யோசிக்கலாம். அப்போதும் இந்த வடிவம் வேண்டாம். முகடு இரு பக்க அயல் வீடுகளின் முகட்டுக்குள் நிற்க வேண்டும், 2.5 மீட்டர் இடைவெளி அப்படியே இருக்க வேண்டும். முன்கோடு நகரக் கூடாது. நாலுபக்கச் சரிவுக் கூரையில் 265-க்கு 165 மில்லிமீட்டர் களிமண் ஓடு, 100 மில்லிமீட்டருக்கு ஒரு வரிசை. பல்கனி போகட்டும். எதிரெதிர் பின் யன்னல்களுக்கு நடுவில் 21 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து வரைபடத்தில் எழுதுங்கள். அயலவரின் யன்னல் நடுவிலிருந்து 45 பாகைக் கோடு கீறி, உங்கள் சுவர் அதை வெட்டவில்லை என்று காட்டுங்கள். முன்னால் நிற்கும் லைம் மரத்தின் தண்டு விட்டம் 50 சென்ரிமீட்டர் என்றால் அதன் 12 மடங்கு, அதாவது 6 மீட்டர் ஆரத்துக்குள் தோண்டவோ, மண் குவிக்கவோ, லொறி நிறுத்தவோ முடியாது. அந்த வட்டத்தை வரைபடத்தில் போட்டால் உங்கள் கட்டட வேலைக்கு வழி எங்கே என்பது உடனே தெரியும். கூரையில் ஓடு வழுகிய இடுக்குகளில் வௌவால் இருக்கலாம். முதலில் ஒரு பார்வை ஆய்வு. தடயம் இருந்தால் மே தொடங்கி இலையுதிர் காலத்துக்கு முன் மாலை நேர ஆய்வுகள். ஒக்டோபரில் நினைவு வந்தால் ஒரு வருடம் போச்சு.

எந்த வழியில் போனாலும் அயலவரோடு கதைக்காமல் அடுத்த தாளைக் கவுன்சிலுக்கு அனுப்பாதீர்கள். அறிவித்தலைக் கம்பத்தில் பார்த்துத்தான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. 34 கடிதங்களில் பாதியாவது அந்த மனவருத்தத்தில் எழுதியவை என்று நினைக்கிறேன். இரு பக்கமும், எதிரிலும், பின்னாலும் உள்ள வீடுகளுக்கு நேரில் போங்கள். ஏ3 தாளில், உங்கள் வீட்டோடு இடமும் வலமும் இரண்டு வீடுகள் தெரியும்படி ஒரு தெருத் தோற்றப் படம் கொண்டுபோங்கள். தனி வீட்டின் படம் யாருக்கும் எதையும் சொல்லாது. 'அம்மாவுக்குக் கீழே ஒரு அறை வேண்டும், எங்கே வைத்தால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை' என்று கேளுங்கள். சொன்னதைக் குறித்து, மாற்றியதையும் மாற்றாததையும் ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். லெஸ்டரிலும் மில்டன் கீன்ஸிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் ஒரே வசனத்தில் ஆதரவுக் கடிதம் போடச் சொல்லாதீர்கள். அதிகாரி முகவரியைப் பார்ப்பார். எதிர் வீட்டுக்காரர் இரண்டு வரி எழுதினால் அது போதும்.

மீளப் பெறும் மின்னஞ்சலை அதிகாரி பரிந்துரையை முடிப்பதற்கு முன் அனுப்ப வேண்டும். எட்டுக் கிழமைக் கெடு எந்த நாள் என்று விண்ணப்பப் பதிவுக் கடிதத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு கிழமை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். காற்றுச் செங்கலைச் சுற்றியுள்ள சீமெந்தை வெட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை மாரி தொடங்குமுன் செய்துவிடுங்கள்.